பால்கனி பார்க்காத குளம்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் பதினொரு பேரும் என்னை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறீர்கள். என் வழியனுப்பு விழாவில், நான் சால்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தபோது. அன்று மேடையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி பொய், மீதி மிகை. சொல்ல வேண்டிய ஓர் உண்மையை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரகடம் பக்கம் நாம் கட்டிய குடியிருப்பையும் அதன் நடுவில் இருக்கும் பொது நீச்சல் குளத்தையும் வடிவமைத்த இந்த மனிதனுக்கு நீச்சல் தெரியாது.

கொஞ்சம் தெரியும், பழக்கம் விட்டுப்போயிற்று என்கிற வகை இல்லை. அறவே தெரியாது. ஓட்டல் குளியல் தொட்டியில் உட்கார நேர்ந்தால்கூட ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். ஐம்பத்தாறு வயதில் நான் ஓய்வு பெற்றதற்கு ஞானம் காரணம் என்று தலைவர் பேசினார். முதுகெலும்புதான் காரணம். அது எனக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கான்கிரீட் கலவை, குழாய் அளவு, அனுமதி வாங்கும் முறை எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு நாற்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றி. அதைப் புரிந்துகொள்ள அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், பிள்ளைப்பாக்கம் தாண்டி, சாலையை ஒட்டிய நிலம். தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு விடுதி. நிலத்தில் ஒரு பகுதியை ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. வழக்கமாக அந்த இடத்தில் ஒரு பூங்கா வைப்பார்கள். ஒரு சறுக்குமரம், இரண்டு சிமென்ட் பெஞ்சு, ஒரு பெரிய பூட்டு. நம்மிடம் வடிவமைப்பு வேலையைக் கொடுத்த கட்டுமான நிறுவனத்தின் எம்.டி. நீச்சல் குளம் என்றார். ஊர்க்காரர்களும் வரலாம், வீடு வாங்கியவர்களும் வரலாம், விடுதிப் பெண்களும் வரலாம்.

அவருடைய பெருந்தன்மையில் நான் நெகிழ்ந்து நின்றபோது அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.

"சார், தண்ணி விக்காது. வ்யூதான் விக்கும். எந்த வீட்டு பால்கனில நின்னாலும் குளம் தெரியணும்."

செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே 2015 வெள்ளத்தில் முதல் மாடிவரை தண்ணீரைப் பார்த்துவிட்டு, மேடான இடம் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஜன்னலைத் திறந்ததும் தண்ணீர் தெரிவது எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்போதே எனக்குள் ஒரு வடிவம் உருவாகிவிட்டது.

வடிவம் என்று ஒன்று வந்துவிட்டால் நம் காதுகள் அடைத்துக்கொள்ளும். இதை மட்டும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டடங்கள் 'ப' வடிவில் நிற்கும், நடுவில் குளம், எல்லா பால்கனிகளும் அதையே பார்க்கும். நுழைவாயிலுக்கு மேல் அலை அலையாக ஒரு கூரை. அந்த அலைக்காக நான் மூன்று வாரம் தூங்கவில்லை. பத்திரிகை அட்டையில் அது எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்பது வரை முடிவு செய்திருந்தேன். படித்த புத்தகங்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் ஒட்டிவிடுவது என் பழைய வியாதி.

விடுதிக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுக்க இருந்த தொழிற்சாலை, அங்கே தங்கப்போகும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் அப்போது தங்கியிருந்த பழைய விடுதிக்குக் குடியிருப்பின் அட்டை மாதிரியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் சாம்பார் வாளியை நகர்த்திவிட்டு அதை வைத்தேன். நாற்பது பெண்கள் இருப்பார்கள். தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு சிலர், இரவு வேலை முடித்துக் கண் சிவந்து சிலர். நீல அக்ரிலிக் தகட்டையும் அதன் கரையில் நான் நிறுத்தியிருந்த கட்டைவிரல் அளவு மனிதர்களையும் பார்த்து எல்லாரும் "சூப்பர் சார்" என்றார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள். என் மனம் அலைக்கூரைக்கு மேல் மிதந்துகொண்டிருந்தது.

"நீங்கள் எல்லாம் வருவீர்கள்தானே?" என்று கேட்டேன்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னால் நின்றவள் ஒருத்தி முன்னால் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை, ஞாயிற்றுக்கிழமையிலும். அது திரும்பித் தொங்கியதால் பின்பக்கத்து வெள்ளை மட்டும் தெரிந்தது. மாதிரியில் மூன்றாவது மாடி பால்கனி ஒன்றின் மேல் சுண்டுவிரலை வைத்தாள்.

"சார், கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. இங்கன நின்னு பாத்தா நாங்க தெரிவோமா?"

திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான் பெருமையாக, "எல்லா பால்கனியிலிருந்தும் தெரியும்" என்றேன்.

அவள் விரலை எடுத்துவிட்டாள். "அப்ப சரி சார்" என்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இட்லித் தட்டை எடுக்கப் போனார்கள்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. எதிர்ப்பு இல்லை, வாக்குவாதம் இல்லை. அனைவரும் வரவேற்றனர் என்று குறிப்பு எழுதலாம், எழுதியும் விட்டேன். ஆனால் அந்த 'அப்ப சரி சார்' காருக்குள் என்னோடு ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மனைக்குப் போனேன். அங்கே காவலுக்கு இருந்தவர் ஏழுமலை. பிள்ளைப்பாக்கத்துக்காரர், என் வயது. ஆர்க்கிடெக்ட் என்றால் இன்ஜினியருக்குப் படிக்க ஆசைப்பட்டு மார்க் வராமல் போனவன் என்பது அவருடைய கருத்து. அதனால் என் மேல் ஒரு பரிவு உண்டு. குளம் வரப்போகும் இடத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தோம். பக்கத்து மனையில் ஒரு லாட்ஜ் பாதி கட்டி நின்றது. அதன் காவலாளி ஏழுமலைக்குச் சகலை. ஏழுமலையை அந்த லாட்ஜின் மூன்றாவது மாடிக்கு அனுப்பிவிட்டு, நான் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று செல்போனில் கூப்பிட்டேன்.

"தெரியுதா ஏழுமலை?"

"தெரியுது சார்."

"என்ன தெரியுது?"

"நீங்கதான். நடு மண்டைல வழுக்க தெரியுது. சொக்கா பாக்கெட்டாண்ட இங்க் கறை ஒண்ணு கீது, அதுகூட தெரியுது. வூட்ல சொல்லி தோய்க்க சொல்லு சார்."

"இப்போ?" என்று குந்தினேன். தண்ணீருக்குள் கழுத்தளவு இருக்கிற மாதிரி.

"இன்னும் நல்லா தெரியுது."

நீந்துகிறவள் மல்லாந்துதானே மிதப்பாள் என்று தோன்றியது. மண்ணில் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்தேன். வெயில் கண்ணில் குத்தியது. மேலே, மூன்றாவது மாடியில், வேட்டி கட்டிய ஒரு நிழல் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழுமலையை எனக்குப் பத்து மாதமாகத் தெரியும், நல்ல மனிதர். ஆனாலும் எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. என் வாழ்நாளில் ஒரு கட்டடத்தின் பார்வை என் உடம்பின் மேல் விழுந்தது அன்றுதான்.

அதற்குள் "அய்யோ, சார் வுயுந்துட்டாரு!" என்று ஏழுமலை மேலிருந்து கத்த, லாட்ஜில் சித்தாள் வேலை பார்த்த பெண்கள் சொம்போடு ஓடிவந்து என் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். நீச்சல் குளத்தில் நான் நனைந்தது இன்றுவரை அந்த ஒரு தடவைதான்.

அலுவலகத்துக்கு வந்து மூன்று கட்டடங்களையும் திருப்பினேன். பால்கனிகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கும். குளத்துக்கு முதுகைக் காட்டும். எட்டு நாளில் புது வரைபடம் தயார். இப்போது அதை அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும். எங்கே பிடிப்பது? காலை ஆறு மணி ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். இரண்டே கால் மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். நடுவில் உள்ள நேரத்தில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அந்தப் பெண்கள் பஜ்ஜி வாங்குவார்கள். அங்கே போய் நின்றேன். என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் ஒரு தோழியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு அவளே வந்தாள்.

அட்டை அப்போதும் திரும்பித்தான் இருந்தது.

"உன் பேர் என்னம்மா?" என்றேன்.

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. "பேரு கேட்டா அடுத்தாப்ல நம்பர் கேப்பாவ சார். ஒங்களச் சொல்லல. பொதுவாச் சொல்லுதேன். அதான் அட்டையத் திருப்பிப் போட்டுக்கிடுதது."

நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வரைபடத்தை டீக்கடை மேசையில் விரித்தேன். பால்கனிகள் எல்லாம் திரும்பிவிட்டதைக் காட்டினேன். குளத்தைப் பார்த்த பக்கம் இனி சமையலறை ஜன்னல்கள் மட்டும்தான் என்று விளக்கினேன். சமையலறையில் பெண்கள்தானே நிற்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். என்ன ஒரு நுட்பம் என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

"ஏன் சார், ஆம்பள பாத்திரம் கழுவ மாட்டானா?" என்றாள்.

தோழி பஜ்ஜியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க லைன்ல நாலு பையனுக ஒரே ரூம்ல இருக்கானுவ சார். அவனுக பாத்திரத்த யாரு கழுவுதாவாம்?"

சமையலறை ஜன்னல்கள் போயின. அந்த இடத்தில் மாடி நடைபாதை வந்தது, அதன் சுவரில் கண் மட்டத்துக்கு மேலே மட்டும் திறப்பு. அதை ஒத்துக்கொண்டாள். அடுத்த வாரம், "மொட்ட மாடி?" என்றாள். போன் பேசுகிற ஆண்கள் எல்லாரும் மொட்டை மாடிக்குத்தான் போவார்களாம். சூரிய மின்தகடுகளை உள்பக்க விளிம்பில் வரிசையாக நிறுத்தி அதையும் அடைத்தேன். இப்படி ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம், ஒரு டீ, பஸ் ஹாரன். எத்தனையோ நிபுணர் குழுக்களோடு உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு கறாராக யாரும் என் வரைபடத்தைப் பார்த்ததில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், உனக்கு எப்படி இதெல்லாம் தோன்றுகிறது என்று.

"எங்க ஊர்ல ஆறு இருக்குல்லா. ஆம்பளைக தொறை வேற, பொம்பளைக தொறை வேற. நடுவுல செவரு ஒண்ணும் கெடையாது. ஆறு அங்கன வளையுது. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் நாங்க, இந்தப் பக்கம் அவ்வோ. ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது. சத்தம் மட்டும் கேக்கும்."

அலைக்கூரைக்காக மூன்று வாரம் தூங்காதவன் நான். அந்த ஆற்றுக்குப் பட்டமும் இல்லை, அலுவலகமும் இல்லை.

"இங்க வந்து நாலு வருசமாச்சு சார். நாலு வருசமா வாளித் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இனி அந்த நாற்பத்தைந்து நிமிஷம்.

திங்கட்கிழமை. எம்.டி. அன்று மாலை வெளிநாடு கிளம்புகிறார். திரும்பி வர மூன்று வாரம். அதற்குள் வரைபடம் அனுமதிக்குப் போயாக வேண்டும். மனையில் இருந்த தகரக் கன்டெய்னர் அலுவலகத்தில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பால்கனிகள் திரும்பியதை அவர் அரை மணி நேரம் பார்த்தார். பெண்கள் இறங்காத குளத்தைப் பொதுக் குளம் என்று எப்படிச் சொல்வது என்று பேசிப் பேசி என் தொண்டை வறண்டிருந்தது.

"சரி சார். வ்யூவை எடுத்துட்டீங்க. எனக்கு என்ன குடுக்கப் போறீங்க?"

"என்ன வேணும்?"

"ஆழத்தைக் குடுங்க. ஒரு பக்கம் ஒன்பது அடி எதுக்கு? எல்லா இடமும் நாலடி. வெட்டுற வேலை மிச்சம், தண்ணி மிச்சம், பயமும் மிச்சம். இப்பவே கையெழுத்துப் போட்டுருவோம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே கால். அவள் ஷிப்ட் விட இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை, லாக்கரில் இருக்கும். என்னிடம் எண்ணும் இல்லை. எம்.டி.க்கு நாலு மணிக்குத்தான் கார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் சார் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் மறுத்திருக்க மாட்டார். நல்ல பசியும் இருந்தது.

நான் ஏன் காத்திருக்கவில்லை? நேர்மையாகச் சொல்கிறேன். நாலடி என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்பது அடித் தண்ணீரை வரைந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கத்தில் கால் தரை தட்டாத கனவு வந்துகொண்டிருந்தது. என் பயத்தை நான் பாதுகாப்பு என்று பெயர் மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல பேரம் முடித்த திருப்தியோடு டீக்கடைக்கு நடந்தேன்.

இரண்டு பத்துக்கு அவள் வந்தாள். சொன்னேன். எல்லாம் ஒத்துக்கொண்டார்கள், குளத்தைப் பார்த்து பால்கனி ஒன்றுகூட இல்லை, ஆழம் மட்டும் எல்லா இடத்திலும் நாலடி என்று.

"நல்லது சார். சின்னப் புள்ளைக வெளையாடும்" என்றாள்.

'அப்ப சரி சார்' என்ற அதே குரல். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

"என்னம்மா, சொல்லு."

"ஒண்ணுமில்ல சார்."

"பஸ் போயிரும், சொல்லு."

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "நாலடில குதிச்சா சளார்னு கேக்கும் சார். தண்ணி நாலா பக்கமும் தெறிக்கும், கால் போய்த் தரையில முட்டும். அவ்வளவுதான். ரெண்டாள் ஆழத்துல குதிச்சா சத்தமே வேற. தொபுக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணும் கேக்காது. உள்ள போயிருவோம்லா. ஒரு சத்தமும் கெடையாது." கேட்டுக்கு உள்ளே இருந்து அடுத்த ஷிப்டின் இயந்திர இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையை ஆட்டினாள். "எட்டு மணி நேரம் இதக் கேட்டுக்கிட்டே நிக்கோம். அந்த ஒண்ணும் கேக்காததுக்குத்தான் சார் குதிக்கது."

பஸ் ஹாரன் அடித்தது. ஓடினாள்.

நான் மூன்று மணிக்குக் கன்டெய்னருக்குத் திரும்பினேன். எம்.டி. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன். முப்பது வருடத் தொழிலில் ஒரு முதலாளியிடம் இந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுவே முதல் தடவை. தப்பு பண்ணியது முதல் தடவை இல்லை.

"ஆழம் வேணும். ஒன்பது அடி."

"கையெழுத்துப் போட்டாச்சு சார்."

"தெரியும்."

"ரெண்டு மணிநேரத்துல என்ன ஆச்சு உங்களுக்கு? நீச்சல் கத்துக்கிட்டீங்களா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். நான் வரைபடத்தை இழுத்து, சிவப்புப் பேனாவால் நுழைவாயில் கூரையின் மேல் பெருக்கல் குறி போட்டேன். என் அலை. மூன்று வாரத் தூக்கம். "இதை எடுத்துடலாம். தட்டையா ஒரு தளம் போதும். இதுக்கு ஆகுற செலவுல பள்ளம் வெட்டிடலாம். பெண்கள் நேரத்துக்குப் பெண் லைஃப்கார்டும் போட்டுடலாம்."

அவர் சிவப்புக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது உங்க குழந்தை மாதிரின்னு சொன்னீங்களே சார்."

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு சார். அதுங்களும் சொன்ன பேச்சு கேக்கறதில்லை."

சிரித்துவிட்டார். பழைய தாளைக் கிழித்துப் புதிதில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். நான் கன்டெய்னருக்கு வெளியே சிறிது நேரம் நின்றேன். ஏழுமலை வந்து, "இன்னா சார், சாவு வூட்டுக்குப் போய் வந்த மாதிரி கீறீங்க?" என்று கேட்டார். ஒரு வகையில் சரிதான். இன்றும் ஏதாவது பத்திரிகையில் வளைந்த கூரை ஒன்றைப் பார்த்தால் பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிடுவேன்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது நல்ல கதை. உங்கள் தொழில் இங்கே நிற்பதில்லை.

கட்டடம் மெதுவாக வளரும். ஆட்கள் அத்தனை நாள் இருப்பதில்லை. பள்ளம் வெட்டி முடித்த வாரம் அவளுடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. ஊருக்குப் போகிற அன்று தோள் பையும் ஒரு வாளியுமாக மனைக்கு வந்தாள். வாளிக்குள் தட்டும் டம்ளரும். ஏழுமலை உள்ளே விடாமல் நிறுத்தியிருந்தார். நான்தான் போய் அழைத்து வந்தேன். பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். செம்மண், அடியில் கொஞ்சம் ஊற்றுத் தண்ணீர்.

"ரெண்டாள் இருக்கும் சார்" என்றாள்.

பிறகு சுற்றி வர அண்ணாந்து பார்த்தாள். பால்கனிகள் இல்லாத சுவர்கள் அப்போது முதல் மாடி வரைதான் எழுந்திருந்தன. மேலே வெறும் வானம். ஆனாலும் இல்லாத மாடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது போல் மெதுவாகப் பார்த்தாள்.

"தொறந்தா வாரேன் சார். எங்க இருந்தாலும் லீவு போட்டுட்டு வாரேன்."

"உனக்கு எப்படித் தகவல் சொல்றது?"

"அதெல்லாம் தெரிஞ்சிரும் சார்" என்று சிரித்தாள்.

அன்று கழுத்தில் அட்டை இல்லை, திருப்பிக் கொடுத்திருப்பாள். பெயர் கேட்க நாக்கு வரை வந்தது. அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட ஒருத்தியிடம், அந்த அட்டையும் இல்லாத நாளில் பெயர் கேட்பது முறையாகப் படவில்லை. கேட்கவில்லை. அது சரியா, தப்பா என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. நீங்கள் யாராவது முடிவு செய்தால் எனக்குச் சொல்லுங்கள்.

திறப்பதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பழைய விடுதியை மூடிவிட்டார்கள். அந்த நாற்பது பெண்களில் ஒருத்திகூட இந்தப் பக்கம் இல்லை என்றார் வார்டன். நான் யாருக்காக வரைந்தேனோ அவர்களில் யாரும் பார்க்காத கட்டடம் தயாராக நின்றது. உங்களுக்கும் இது நடக்கும். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

திறப்பு நாள் காலையில் ரிப்பன், குத்துவிளக்கு, பேச்சு. என்னை இன்ஜினியர் என்று அறிமுகம் செய்தார்கள். மதியம் இரண்டரை முதல் நாலரை வரை பெண்கள் நேரம். இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் நேராக வரலாம் என்று நான் போராடி வாங்கிய நேரம். இரண்டு இருபத்தைந்துக்கு நீலச் சீருடையில் விசில் மாட்டிய லைஃப்கார்டு பெண் என்னிடம் வந்து, "சார், ஜென்ட்ஸ் வெளிய போகணும்" என்றாள். நான் வரைந்த கதவு வழியாக என்னை வெளியேற்றி உள்ளே தாழ் போட்டாள்.

வெளிச்சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. ஏழுமலை இப்போது குடியிருப்பின் செக்யூரிட்டி. அவரும் வெளியேற்றப்பட்டு அதில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண்கள் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து வெயிலுக்கு மறைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சிலர் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். சாலைப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் சிலர் வந்தார்கள். ஊருக்குள்ளிருந்து சிலர் நடந்து வந்தார்கள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, தண்ணீர்ச் சத்தம் இல்லை. எல்லாரும் கரையில் நின்று அண்ணாந்து மாடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எதையாவது விட்டுவிட்டேனா? ஏதாவது ஒரு மூலை, ஒரு படிக்கட்டுத் திருப்பம்? மண்ணில் மல்லாந்து படுத்த அன்றைக்குப் பிறகு மறுபடியும் எழுந்து ஓடிவிடத் தோன்றியது.

சளார் என்று ஒரு சத்தம். ஒரு சிரிப்பு. மறுபடி சளார், சளார். ஆழமில்லாத பக்கம்.

"எறங்கிட்டாங்க சார்" என்றார் ஏழுமலை.

நான் கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஆழமான பக்கத்துப் படிகளில் யாரோ ஏறும் காலடி. உள்ளே பேச்சு நின்றது. ஓடி வருகிற பாதங்கள், ஈரத் தரையில், நாலு எட்டு.

தொபுக்.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

நீச்சல் தெரியாதவன் மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடித்திருந்தேன். பிறகு தண்ணீர் உடைந்தது. யாரோ வெளியே வந்து பெருமூச்சு விட்டார்கள். கூட்டமாக ஒரு கூச்சல், கைதட்டல். அந்தக் கூச்சலுக்குள் ஒரு குரல் தெரிந்த குரல் போல் இருந்தது. எத்தனையோ குரல் அப்படி இருக்கும்.

"யார் சார் குதிச்சது?" என்றார் ஏழுமலை.

"தெரியலை."

"இன்னா சார் இது, நீங்க கட்னதுதான? எங்கனாச்சும் ஒரு சந்து கிந்து வுட்டுருப்பீங்களே, எட்டிப் பாக்க?"

நான் மூன்று மாடிகளையும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தேன்.

"இல்லை ஏழுமலை," என்றேன். "எங்கேயும் இல்லை."